அவர்கள் படித்த சுகந்தி

1

பால் வாங்கப் போனேன். பால் அடுக்குக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் நடுவில் சுகந்தி செத்துக் கிடந்தாள்.

புத்தகத்தின் அட்டைப் படம்தான். சிவப்புத் தண்ணீர். அதில் ஒரு பெண்ணின் பின்னல் மட்டும் மிதக்கிறது. எழுதியவர் பேர் பெரிதாக, கதையின் பேர் சிறிதாக. இங்கே துப்பறியும் கதைகளுக்கு அப்படித்தான் போடுகிறார்கள். போன வருடம் கெட்டி அட்டையில் வந்தது. இப்போது கையடக்கமாக மளிகைக் கடைக்கே வந்துவிட்டது. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் தக்காளியோடு சேர்த்து அதையும் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அட்டையில் ஒரு வரி புதிதாக இருந்தது. அடுத்த வருடம் இங்கிலீஷிலும் வரப்போகிறதாம்.

நான் ஸ்வீடனில் இருக்கிறேன். ஊர் முதலிபாளையம். திருப்பூரில் செக்கிங் மாஸ்டராக இருந்தேன். பனியன் வாங்கும் கம்பெனி ஒன்று, தன் கிடங்கில் வந்து இறங்கும் சரக்கைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை இங்கே கூட்டி வந்தது. வந்தேன். இருந்துவிட்டேன். கல்யாணம் ஊரில், குழந்தை இங்கே. குளிரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழகிவிடும்.

சுகந்தி என் அக்கா மகள். அந்தக் கதை அவளை வைத்து எழுதியது. அதைப் படித்தவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஏழாவது வரைக்கும் படித்தவன். சுருக்கமாகத்தான் வரும்.

2

சுகந்தி பல்லடம் ரோட்டில் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை ஷிப்டு முடிந்தால் பஸ் இருக்காது. அதனால் கம்பெனி ஹாஸ்டலில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என் அக்கா ருக்குமணிக்கு வேறு பிள்ளை கிடையாது. அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியில் சுகந்தி செத்துக் கிடந்தாள் என்று ஆள் வந்து சொன்னான்.

ஏதோ காதல் விவகாரம், தானே விழுந்துவிட்டாள் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். காதலித்தவன் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேடவும் இல்லை.

அக்கா நம்பவில்லை. செத்ததற்கு முந்தின நாள்தான் சுகந்தி போனில், "ஞாயித்துக்கிழமை வாறப்ப நெல்லிக்கா ஊறுகாய் கொண்டாம்மா, இங்க சோறு எறங்க மாட்டேங்குது" என்று கேட்டிருக்கிறாள். அதே ஹாஸ்டலில் தங்கியிருந்த தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரி வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எம்மா, அவ தானா விழல. நேத்து சாயங்காலம் சூப்பர்வைசர்கூடப் பெரிய சண்டை. அதுக்கு மேல என்னைக் கேக்காதிய." மறுநாள் அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்களே தெருவில் இறங்கியதும் கம்பெனி சொன்னதைத்தான் சொன்னார்கள். எவன்கூடவோ பழக்கமாம் என்றார்கள். வளர்த்த லட்சணம் என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. அக்கா அழவில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ தானா சாகலைன்னு யாராச்சும் ஒருத்தரு எழுதோணும்டா. பேப்பர்ல எழுதுனாலும் செரி, எதுல எழுதுனாலும் செரி. எம்புள்ளை தானா சாகலைன்னு இருக்கோணும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். கேஸ் போட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவள்தான்.

3

நான் இருக்கும் டவுனில் ஒரு எழுத்தாளர் இருக்கிறார். பெண். கொலைக் கதைதான் எழுதுவார். கதைக்கு ஒரு கிடங்கு வேண்டும் என்று எங்கள் கிடங்கைப் பார்க்க வந்தார். சுற்றிக் காட்டும்படி முதலாளி என்னிடம் சொன்னார். பெட்டிகளில் இருந்த ஊர்ப் பேரைப் படித்துவிட்டு, உன் ஊரா, எப்படி இருக்கும் என்று கேட்டார். இங்கே எல்லாருக்கும் 'நீ'தான், அதில் மரியாதைக் குறைவு இல்லை. சுகந்தியைப் பற்றிச் சொன்னேன். என் ஸ்வீடிஷில் எவ்வளவு சொல்ல வருமோ அவ்வளவு.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். "நான் அங்கே போகிறேன்" என்றார்.

அக்காவுக்கு போன் செய்தேன். வெள்ளைக்காரம்மா ஒருவர் வருவார், எழுதுகிறவர், எல்லாவற்றையும் சொல் என்றேன். நானும் கூடப் போக நினைத்தேன். கோடைச் சரக்கு வந்து இறங்கும் சமயம். லீவு தரவில்லை.

எழுத்தாளர் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள். குரல் சரியில்லை.

"கெடுத்துட்டேன்டா."

"என்னாச்சு?"

"அந்தம்மா நல்ல மாதிரிதான். கூட ஒரு பையன் வந்தான், இங்கிலீசுல சொல்றதுக்கு. பையிங் ஆபீசுப் பையனாம். கழுத்துல டேக்கு, காலுல ஷூவு. அந்தம்மா மடியில எழுதற பேடு. மொதக் கேள்வியே எத்தனை மணி நேரம் வேலைன்னு. எட்டு மணி நேரந்தானுங்கன்னேன். அதோட வாய் போயிருச்சு."

"போயிருச்சுன்னா?"

"ஆடிட்டுக்குச் சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்."

பனியன் கம்பெனியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு வாங்கும் நாட்டிலிருந்து, வேலையாட்களை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆள் வரும். அதுதான் ஆடிட். அவர்களைக் கூட்டி வருவது பையிங் ஆபீஸ்காரர்கள், வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தருகிறவர்கள். அதற்கு முந்தின வாரமே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். எட்டு மணி நேரம். ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலை, கிடையாது. குடிக்க நல்ல தண்ணீர். நெருப்புப் பிடித்தால் போக வழி. எதைக் கேட்டாலும் நல்லா இருக்குதுங்க. சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஆர்டர் போய்விடும், உன்னால் அத்தனை பேருக்கும் சோறு போய்விடும் என்பார்கள். அக்கா அதில் கெட்டிக்காரி. ஆடிட் என்றால் அவளைத்தான் முன்வரிசையில் நிறுத்துவார்கள்.

"சுகந்தியப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அதுக்கும் அப்படியேதான் வந்துச்சு. ஹாஸ்டல் நெம்ப நல்ல ஹாஸ்டலுங்க, தண்ணி வசதி நல்லா இருந்துச்சுங்கன்னு சொன்னேன். சிரிச்சுட்டே சொன்னேன்டா."

"அப்பறம்?"

"கார் போனதுக்கப்பறந்தான் எனக்கு உசுரு வந்துச்சு. பஸ் புடிச்சு லாட்ஜுக்கு ஓடுனேன். கெளம்பிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

எழுத்தாளர் திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். என் அக்கா பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள், போனில் மறுபடி பேசுங்கள், நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன் என்றேன். ஆடிட் விஷயத்தையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"வேண்டாம் பழனி. உன் அக்கா அருமையான மனுஷி. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது."

4

புத்தகம் வந்தது. எனக்கு ஸ்வீடிஷ் பேச வரும், கிடங்குச் சீட்டுப் படிக்க வரும். இத்தனை பெரிய புத்தகம் வராது. மகள் கௌசல்யா படித்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேர் கௌசி. பதினேழு வயது. பிறந்தது இங்கே. தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்வீடன் போலீஸ்காரி ஒருத்தி திருப்பூருக்கு வருகிறாள். குடிப்பழக்கம் உள்ளவள், புருஷனை விட்டவள். மீரா என்று ஒரு பெண் தண்ணீர்த் தொட்டியில் செத்துக் கிடக்கிறாள். மீராவின் அம்மா லட்சுமி. போலீஸ்காரி லட்சுமியைப் பார்க்கப் போகிறாள். லட்சுமி சிரித்துக்கொண்டே, ஹாஸ்டலில் தண்ணீர் வசதி நன்றாக இருந்தது என்கிறாள்.

அந்த இடம் வந்ததும் கௌசி என்னைப் பார்த்தாள்.

"அத்தை நெசமா இப்படிச் சொன்னாங்களா?"

"சொன்னா."

"ஏன்?"

ஆடிட்டைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பொய் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்றாள். இந்த ஊரில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பரீட்சை இருக்கிறது என்று நிறுத்திவிட்டாள். அப்புறம் நீச்சல் என்றாள். அப்புறம் புத்தகத்தையே காணோம், சிநேகிதி வாங்கிக்கொண்டு போனாள் என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

முடிவை எனக்குச் சொன்னது பிரிட்டா. கிடங்கில் லேபிள் ஒட்டுகிறவள். நல்ல மனுஷி, வருடா வருடம் காட்டில் காளான் பறித்து எனக்கும் ஒரு பை தருவாள். காபி குடிக்கும் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடிய விடியப் படித்தேன் பழனி. அந்த அம்மாதான் கொன்றது என்று நான் நினைக்கவே இல்லை."

எதிரில் இருந்த குன்னர் பன்னைத் தட்டில் வைத்தான். "பிரிட்டா, நான் இன்னும் பாதியில் இருக்கிறேன்."

"ஐயோ, மன்னித்துக்கொள்."

"மன்னித்துக்கொள்ளாவது. பரிசாக வந்த புத்தகம். இனி எதற்குப் படிக்க?"

இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். முடிவை ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லிவிடுவது இங்கே பெரிய தப்பு. மற்றவர்களும் பிரிட்டாவைக் கடிந்துகொண்டார்கள். நான் காபியைக் கொட்டிவிட்டு உள்ளே போய்ப் பெட்டி பிரித்தேன்.

சாயங்காலம் கௌசியிடம் கேட்டேன். அழுதாள். மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்து, மானத்துக்காக அம்மாவே அவளைத் தள்ளிவிடுகிறாளாம். கம்பெனி சொன்ன காதலை எழுத்தாளர் எடுத்துக்கொண்டார். அக்கா சிரித்த சிரிப்பையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துவிட்டார்.

பேப்பரில் என்ன எழுதியிருக்கிறார்கள், படி என்றேன். இங்கே எல்லாப் பேப்பரும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. படித்தாள்.

பெரிய பேப்பரில் ஒருவர் ஐந்துக்கு ஐந்து மார்க் போட்டிருந்தார். ஏழைகளைப் பார்த்து இரக்கப்படுகிற கதை ஏராளமாக வந்துவிட்டது, ஏழைகளும் குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று எழுதத் துணிச்சல் வேண்டும் என்று பாராட்டியிருந்தார். இன்னொருவருக்குக் கதை பிடிக்கவில்லை. வெயில் அதிகம், ஊர்ப் பேர்கள் அதிகம், அந்த அம்மா பாத்திரத்தில் உயிரே இல்லை, பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவள் அப்படியா பேசுவாள் என்று கேட்டிருந்தார். அவர் ஒருத்தர்தான் சரியாகக் கேட்டார். பதிலைத்தான் தேடவில்லை. எழுதியவர்மேல் குறை சொல்லி முடித்துவிட்டார்.

படிக்கிறவர்கள் எழுதுகிற பக்கமும் ஒன்று இருந்தது. அம்மா சிரித்த இடத்திலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒருத்தி. இந்தியாவுக்குப் போக டிக்கெட் வாங்கியிருந்தேன், இப்போது யோசனையாக இருக்கிறது என்று ஒருவர். தண்ணீர் வசதி நன்றாக இருந்தது என்ற வரியைப் படித்ததும் முதுகு சில்லிட்டது என்று நிறையப் பேர். அந்த வரி எல்லாருக்கும் பிடித்திருந்தது.

ஒரு நாள் கிடங்கில் கையலம்பும் இடத்தில் குழாய் ஒழுகியது. ஆள் வந்து சரிசெய்தான். குன்னர் சிரித்துக்கொண்டே, "தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது" என்றான். புத்தகத்தை முடித்துவிட்டான் போலிருக்கிறது. நாலு பேர் சிரித்தார்கள். என் அக்கா என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் தோன்றவில்லை.

5

கோடையில் ஊருக்குப் போவதாக இருந்தோம். கௌசி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய டீச்சரும் புத்தகத்தைப் படித்தவர். பிள்ளை ஊரிலிருந்து திரும்பி வருவாளா என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. இங்கே பிள்ளைகளின் பாதுகாப்பை நகராட்சிதான் பார்க்கிறது. அங்கிருந்து கடிதம் வந்தது. பேச வரச்சொல்லி.

நானும் மனைவி மல்லிகாவும் போனோம். ஒரு சின்ன அறை. மேஜையில் மெழுகுவர்த்தி, கண்ணைத் துடைக்கத் தாள். இரண்டு பெண்கள். அன்பாகத்தான் பேசினார்கள். மொழிபெயர்க்க போனில் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர்.

"மகளுக்குக் கலியாணம் ஏதும் பேசி வச்சிருக்கிறியளோ எண்டு கேக்கினம்" என்றார் போனில்.

"இல்லை."

"வெள்ளைக்காரப் பெடியன் ஒராளை விரும்பினால் என்ன செய்வியள் எண்டு கேக்கினம்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. மகளுக்குத் தனி அறை இருக்கிறது. மகளை அடித்ததில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன். ஒரு கேள்விக்கும் அது பதில் இல்லை. அக்காவின் வாய் எப்படிப் போனது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

போனில் இருந்தவர், "அண்ணை, கேட்ட கேள்விக்கு மட்டும் சொல்லுங்கோ, இவையள் எழுதுகினம்" என்றார். அவர் சொன்னது நல்லதுக்குத்தான்.

வெளியில் வந்ததும் மல்லிகா கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பொண்ணுக நம்மளைக் கொலகாரங்கன்னு நெனைக்கறாங்களா?"

"நினைக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு எழுதிக்கறாங்க."

"அந்த எழுத்தாளரம்மாவுக்கு நான் ரெண்டு தடவை முறுக்கு சுட்டுக் குடுத்தனுங்க. டப்பா கூட இன்னும் திரும்பி வரலை."

ஊருக்குப் போகவில்லை. கௌசி எங்களோடு அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்கள் அவளிடம், உன் அப்பா உன்னை என்ன செய்வார் என்று கேட்டார்களாம். அதை எங்களிடம் சொல்லிவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாள். நான் தட்டை எடுத்துக் கழுவப் போனேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

அக்கா வாரம் தவறாமல் கேட்பாள். புத்தகம் வந்துருச்சா? வந்துருச்சு. என்ன எழுதியிருக்குது? படிக்கறோம். இன்னுமா படிக்கறீங்க? பெரிய புத்தகம்க்கா. இப்படியே ஒரு வருடம் ஓட்டினேன்.

இங்கிலீஷில் வரப்போகிறது என்று பார்த்த அன்று, இனி ஓட்ட முடியாது என்று தெரிந்தது. இங்கிலீஷில் வந்தால் திருப்பூருக்குப் போகும். பையிங் ஆபீசில் ஒருத்தர் படிப்பார். கழுத்தில் டேக் போட்ட அந்தப் பையனே படிப்பான். யாராவது அக்காவிடம் போய்ச் சொல்லத்தான் போகிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பால் பையோடு வீட்டுக்கு வந்தேன். உடனே போன் செய்தேன். அக்கா செல்போனை வேலைக்கும் எடுத்துக்கொண்டு போவாள். கம்பெனியில் டீ நேரம். பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

"அக்கா, புத்தகத்தைப் படிச்சு முடிச்சுட்டோம்."

"சொல்லு கண்ணு." சத்தத்தை விட்டு வெளியே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. "சொல்லு."

"நல்லபடியா எழுதலை."

"என்ன எழுதியிருக்குது?"

"நீதான் கொன்னதுன்னு எழுதியிருக்குது."

செருப்புச் சத்தம் நின்றது.

"நானா?"

"நீ அந்தம்மாகிட்டச் சிரிச்சுட்டே பேசுனியல்ல. அதை வெச்சு."

"எதுக்குக் கொன்னனாம்?"

"வேற சாதிப் பையனை விரும்புனான்னு."

"படிச்சவங்க என்ன சொல்றாங்க?"

"நம்பறாங்க. நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க. நிறையப் பேரு படிக்கறாங்க."

அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள். உன்னை நம்பித்தானே அந்தப் பொம்பளையை ஊட்டுக்குள்ள விட்டேன் என்பாள். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்ப அவ தானா சாகலைன்னு எழுதியிருக்குது" என்றாள்.

"அக்கா..."

"கேட்டதுக்குச் சொல்லுடா. தானா விழுந்தான்னு இருக்குதா, கொன்னுட்டாங்கன்னு இருக்குதா?"

"கொன்னுட்டாங்கன்னுதான்."

"படிச்சவங்க எல்லாரும் அதை நம்பறாங்க."

"ஆமா."

"செரி."

"என்ன செரி? உன்னையக் கொலகாரின்னு எழுதி வெச்சிருக்கறா அவ."

"என்னைய என்ன வேணா எழுதிக்கட்டும். இங்க எழுதாததையா எழுதிட்டா? வளர்த்த லட்சணம்னு எம்பட காதுபடப் பேசுனவங்கதான் எல்லாரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஒரு புத்தகம் அனுப்பு."

"உன்னால படிக்க முடியாதுக்கா. வேற எழுத்து."

"எம்புள்ளை பேரை எப்படிப் போட்டிருக்கறா?"

"சுகந்தின்னு போடலை. மீரான்னு போட்டிருக்குது."

"அது யாரு?"

"கதைக்காக வெச்ச பேருக்கா."

"எம்பட பேரை என்னமோ வெச்சுக்கட்டும். புள்ளை பேரை மட்டும் மாத்தச் சொல்லு. சுகந்தின்னு போடோணும். இல்லைன்னா எவளோ ஒருத்தி செத்த மாதிரி ஆயிரும். அதச் சொல்லு, வேறெதும் கேக்காத."

மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

எனக்குத்தான் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. அக்கா மேலும் கொஞ்சம் இருந்தது.

7

எங்கள் டவுன் நூலகத்தில் எழுத்தாளரோடு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். போனேன். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். காபி, பன். எழுத்தாளர் பட்டுத்துணி போட்டிருந்தார், எங்கள் பக்கத்துப் பட்டு, கழுத்தில் சுற்றியிருந்தார்.

ஒருவர் எழுந்து, போலீஸ்காரி அடுத்த கதையிலும் வருவாளா என்று கேட்டார். ஒருவர், மீராவின் காதலன் பாத்திரம் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் என்றார். அதற்கு நிறையப் பேர் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு அம்மாள், அந்தத் தாய் நிஜமாகவே இருக்கிறாளா என்று கேட்டார்.

எழுத்தாளர் என்னைப் பார்த்தார். பிறகு கேட்டவரைப் பார்த்தார்.

"இல்லை. அவள் முழுக்கக் கற்பனை."

எல்லாரும் போன பிறகு பக்கத்தில் போனேன். பேரை மாற்ற முடியுமா, இங்கிலீஷில் வரும்போதாவது சுகந்தி என்று போட முடியுமா என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம்.

"பழனி, உன் குடும்பத்துக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதானே பேரை மாற்றினேன்."

"அம்மாதான் கொன்றாள் என்று எழுதினீர்களே."

"அது கதை."

"பேரும் கதைதானே. மாற்றுங்கள்."

"நிஜப் பேரைப் போட்டால் நிஜ வழக்கு ஆகிவிடும். பதிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். கம்பெனிக்காரர்கள் என்மேல் கேஸ் போடலாம்." கையைப் பிடித்துக்கொண்டார். "உன் அக்காவுக்கு என் அன்பைச் சொல். அவள் இல்லாமல் இந்தப் புத்தகம் இல்லை."

ஒரு பிரதியை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கம்பெனிக்காரனுக்குப் பயந்து அக்கா மாற்றிச் சொன்னாள். இவரும் அவனுக்குத்தான் பயப்படுகிறார். இவருக்கு ஐந்துக்கு ஐந்து கிடைத்தது.

8

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேஜையில் போட்டேன். என்னாச்சு என்று மல்லிகா கேட்டாள். அக்கா கேட்டதையும் எழுத்தாளர் சொன்னதையும் சொன்னேன். கௌசி அறைக்குள் இருந்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது.

வெளியில் வந்தாள். புத்தகத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்ட பக்கத்தைக் கிழித்தாள். கறுப்புப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, தமிழ்ல சுகந்தின்னு எப்படி எழுதறது?"

பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். அவள் எழுதினாள். முதலில் தலைகீழாகத் தொடங்கினாள். புள்ளியை மறந்தாள். பத்து தடவை எழுதிப் பார்த்தாள்.

"சனிக்கெழமை தமிழ் கிளாசுன்னா வவுத்த வலிக்குதும்பா" என்றாள் மல்லிகா. "இப்ப வலிக்கலையா?"

"சும்மா இரும்மா."

மீரா என்று வருகிற இடமெல்லாம் அடித்துவிட்டு மேலே சுகந்தி என்று எழுதிக்கொண்டே போனாள். பக்கத்துக்கு நாலு, ஐந்து வருகிறது. பல நாள் ஆனது. நீச்சலுக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அத்தை பேரை மாத்த வேண்டாமா?"

"வேண்டாம். அவ கேக்கலை."

"அத்தைக்கு நம்ம மேல கோவமில்லையா?"

"இல்லை."

"உங்களுக்கு?"

"இருக்குது" என்றேன். இப்படி ஒரு பதில் நான் அவளுக்குச் சொன்னதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதினாள்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். அம்மா மகளைத் தொட்டியில் தள்ளுகிற இடம். பக்கம் முழுக்க மீராவின் பேர்தான் இருந்தது.

"இங்கயும் மாத்தணுமாப்பா? அத்தை இதைத் தொறந்து பார்ப்பாங்க. புத்தகம் பூரா அவங்களுக்குப் படிக்க வர்றது இந்தப் பேரு மட்டுந்தான்."

"மாத்து" என்றேன். "அவ கேட்டதே இந்தப் பக்கத்தைத்தான்."